இருப்புக் கொள்ளாத கிருபைநல்லூர்

எங்கள் ஊரை ஓடுகாலி என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும், ஆனால் ஓடுகாலி என்றால் கட்டியவனை விட்டுவிட்டு ஓடுகிறவள், எங்கள் ஊரோ கட்டியவன் பின்னால்தான் போனது, அதுவும் ஓடவில்லை, மத்தியானச் சாப்பாடு முடிந்து சனங்கள் கண்ணயர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து மெல்ல மெல்ல நகர்ந்தது. இதைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் எங்கள் பிஷப்மார்களைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் வினை அவர்கள் வாயிலிருந்துதான் புறப்பட்டது.

முதலாவது வந்தவர் எட்மண்ட் பிஷப். செம்மணல் தேரியும் பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லாத இந்த இடத்தைத் தம்முடைய ஆசனத்துக்குத் தேர்ந்துகொண்டவர் அவர்தான், ஏன் என்று கேட்டதற்குக் காற்று நன்றாக இருக்கிறது என்றாராம். இங்கிலாந்து பிஷப்மார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, பட்டம் ஏற்றதும் தகப்பன் வழி வந்த பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பெயருக்குப் பின்னால் ஆசனம் இருக்கிற ஊரின் பெயரைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார்கள், அப்படி அவர் எட்மண்ட் கிருபைநல்லூர் ஆனார். பெயரோடு பெயர் சேர்ந்தாயிற்று, விரலில் மோதிரமும் ஏறியாயிற்று, அதோடு விட்டிருக்கலாம். தேக்கு நாற்காலியில் அவரை உட்காரவைத்த அன்று தமிழிலேயே வாக்குக் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, வேதமுத்து உபதேசியார் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை இரவெல்லாம் உருப்போட்டு வந்தவர், ‘இந்த ஊரைக் கட்டிக் காப்பேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால், அழுத்தந்திருத்தமாக, ‘இந்த ஊரைக் கட்டிக்கொள்வேன்’ என்று சொல்லிவிட்டார்.

பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் வாய்க்குப் போயின. உபதேசியாருக்கு வேர்த்துக் கொட்டியது, ஆனால் வெள்ளைக்காரர், அதிலும் பிஷப், அவர் தப்பாகச் சொன்னார் என்று எந்த வாயால் சொல்வது, ஆகவே அவர் சொன்னதுதான் முறை என்று ஆகிவிட்டது, அடுத்த பிஷப்புக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை, ஊரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது வந்த லாரன்ஸ் பிஷப் பல்லிக்குப் பயந்தவர், அதனாலேயே மேற்கூரையை உயர்த்தி உயர்த்திக் கோயிலைக் கட்டிமுடிக்காமல் செத்தார். மூன்றாவது ஹம்ப்ரி பிஷப் தமிழில் இலக்கணமே படித்தவர், வாக்கில் பிழை இருப்பது அவருக்குத் தெரியும், தெரிந்தும் ‘வழக்கத்தை மாற்றக் கூடாது’ என்று சொல்லி அந்தப் பிழையையே கணீரென்று சொன்னார், பிறகு கவர்னர் முதல் கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில் குட்டி வரை எல்லோரோடும் சண்டை போட்டு ஒருநாளும் அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்காராமல் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொருவர் சாகும்போதும் ஊர்க் கிணறுகள் உவர்ப்பாகும், அடுத்தவர் வந்து வாக்குச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்ணீர் மறுபடி இனிக்கும், எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது, ஆசனம் காலி என்றால் காப்பிக்குக் கருப்பட்டி கூடப் போடுவோம். மூன்று பேரும் ஊருக்கு மேற்கே கல்லறைத் தோட்டத்தில்தான் படுத்திருக்கிறார்கள். கட்டியவன் இங்கேயே கிடக்கும்போது ஊருக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது?

நான்காவது வந்தவர்தான் வில்பிரட் பிஷப், வெள்ளைக்காரரில் கடைசி. சாது. குழந்தைகளைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். தேசம் சுதந்திரமடைந்த பிறகு, இனி உங்கள் பிள்ளைகளே உங்களை நடத்தட்டும், நான் ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்தபோது எங்கள் சனங்கள் அழுதார்கள், மாலை போட்டார்கள், ஆனால் யாருக்கும் ஒன்று உறைக்கவில்லை, அவருக்கு முன்னால் இருந்த ஒருவரும் உயிரோடு ஆசனத்தை விட்டுப் போனதில்லை. அவர் பெட்டி படுக்கையோடு கிழக்கே துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறினார். மறுநாள் மத்தியானம் எங்கள் ஊர் அவர் பின்னால் கிளம்பியது.

முதலில் கண்டுபிடித்தவர்கள் பனையேறிகள். வழக்கமாக ஒரு பீடி முடிவதற்குள் எட்டிவிடுகிற பனை விளைக்கு இரண்டு பீடி ஆகிறதே என்று பேசிக்கொண்டார்கள். வீடும் தெருவும் கிணறும் கோயிலும் ஒன்றையொன்று இடிக்காமல், இருந்த வரிசை குலையாமல், கிழக்கே போய்க்கொண்டிருந்தன, பனையும் வயலும் நின்ற இடத்தில் நின்றன. கட்டிக்கொள்வேன் என்று சொன்னது ஊரைத்தானே, விளையை இல்லையே என்று எங்களுக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டோம். பஸ்காரர்கள் எதிரே வருகிறவர்களிடம் ‘கிருபைநல்லூர் இன்னைக்கு எங்கன நிக்கி?’ என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அளக்க வந்த சர்வேயர் கிழக்கு எல்லையில் சங்கிலியைப் பிடித்துவிட்டு மேற்கே போவதற்குள் மேற்கு எல்லை தாண்டிப் போயிருந்தது, அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, ‘நின்னதும் சொல்லி விடுங்கவே’ என்று கோபமாகப் போய்விட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் காட்டில் வந்து நிற்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள், நாலு நாள் பொறுங்கள், அதுவாகவே போய்விடும் என்று மோர் கொடுத்து அனுப்பினோம்.

நகர்வது கூடப் பெரிதில்லை, ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை, அதுதான் பெரிய பாடு. குடத்துத் தண்ணீர் எந்நேரமும் தளும்பிக்கொண்டிருந்தது. ஆட்ட ஆள் இல்லாமல் தொட்டில்கள் ஆடின. தையற்காரன் நேராக ஒரு தையல் போட முடியவில்லை. பிரசங்கத்தின் நடுவில் பெரிய மனிதர்கள் எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்தான், சண்டை போட்டவன் பாதியில் மறந்தான். எங்கேயோ போக வேண்டும், யாரோ காத்திருக்கிறார்கள், நேரமாகிவிட்டது என்று எல்லோர் காலிலும் ஒரு குறுகுறுப்பு. ஊரின் ஏக்கம் எங்கள் கால் வழியாக ஏறியது என்றுதான் சொல்வேன்.

இதற்கிடையில் ஐந்தாவது பிஷப் வந்தார், அருள்மாணிக்கம், நம்மவர். வாக்குச் சொல்லும் இடம் வந்தபோது, தமிழனாகப் பிறந்தவர், அதிலும் சம்சாரம் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர், எப்படி மற்றதைச் சொல்வார், ‘கட்டிக் காப்பேன்’ என்று இலக்கண சுத்தமாகச் சொன்னார். சரியாகச் சொன்னதுதான் தப்பாயிற்று. ஊர் அவரைக் காவல்காரர் என்று எடுத்துக்கொண்டது, அதற்குமேல் மதிக்கவில்லை. அவரும் அடுத்தவன் வீட்டில் உட்காருகிற மாதிரி தேக்கு நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

சொர்ணபாயைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கோயிலுக்குப் பின்னால், ஊரின் மேற்குக் கடைசி வீடு அவளுடையது, அதிலேயே ஆப்பக்கடை. புருஷன் சத்தியநாதன் கொழும்பில் கடை வைத்திருந்தான், வா வா என்று எத்தனையோ தரம் கூப்பிட்டும் அவள் போகவில்லை, ஏனென்றால் அவளுடைய ஒரே மகள் தபீத்தாள் ஆறு வயதில் காய்ச்சல் கண்டு இறந்து, வில்பிரட் பிஷப்பின் கையாலேயே அடக்கம் செய்யப்பட்டு, கல்லறைத் தோட்டத்தில் கிடந்தாள். புழக்கடை வாசலில் நின்றால் அந்தச் சிலுவை தெரியும். கூப்பிடு தூரம். விளக்கு வைக்கிற நேரத்தில், தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, சொர்ணபாய் மேற்கே பார்த்து ‘தபீ’ என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள், பதில் வராது என்பது அவளுக்குத் தெரியும், குரல் போய்ச் சேரும் என்பதே அவளுக்குப் போதும். புருஷன் பின்னால் போகாமல் பிள்ளைக்காக நின்றவளை, புருஷன் பின்னால் போகிற ஊர் இழுத்துக்கொண்டு போனது.

கல்லறைத் தோட்டம் நகரவில்லை. சாவு வந்தால் கட்டு அறுந்துவிடுகிறது, செத்தவர்களுக்கு ஊரோடு என்ன பாத்தியம். முதலில் குரல் போய்ச் சேராமல் ஆயிற்று. பிறகு சிலுவை தெரியாமல் ஆயிற்று. பிறகு ஆப்பம் விற்று முடித்துக் கிளம்பினால் வெயில் ஏறிவிடும், பிறகு போய்த் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். அங்கேயே ஒரு ஓலைக் குடிசை போட்டு இருந்து பார்த்தாள், கிணறுகள் ஊரோடு போய்விட்டதால் தாகத்தில் நாக்கு ஒட்டித் திரும்பி வந்தாள். கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் ஊரின் நடை இன்னும் கூடியது, சில மத்தியானங்களில் ஒரு தெரு நீளம் போயிற்று. தூங்கி விழிக்கிறவர்கள் காற்றில் உப்பை மோந்தார்கள்.

கடல் கண்ணுக்குத் தெரிந்த வாரத்தில் சபைக் கூட்டம் கூடியது. கருப்பட்டி மொத்த வியாபாரி பாக்கியநாதன் எழுந்தார்.

“சுத்தி வளைக்காம சொல்லுதேன். புருஷன் இருக்கிற வரைக்கும் இது போய்க்கிட்டுத்தான் இருக்கும். கடலுக்குள்ள எறங்கிட்டுன்னா நம்ம கதி என்ன? வயசானவரு. ஆண்டவர் அவர சீக்கிரம் எடுத்துக்கிடணும்னு ஒரு ஜெபம் வச்சிருவோம்.”

“என்ன பேச்சு பேசுறீரு?” என்றார் பிஷப் அருள்மாணிக்கம். ஆனால் பலமாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வில்பிரட் ஐயாவின் நீண்ட ஆயுசுக்காக ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வேறு விதமாக ஜெபித்தவர்கள்தாம் அதிகம். சொர்ணபாயும் ஜெபித்திருந்தாள். தன் பிள்ளையின் மேல் முதல் பிடி மண் போட்ட கையை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கேட்டோமே என்று அவளுக்கு அப்போது நெஞ்சு சுட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கேன். பொண்டாட்டிதான் புருஷன் பின்னால போகணுமா? அவரு வரக்கூடாதா? எழுதிப் போடுங்க. வந்து நம்ம ஊர்ல வீட்டோட மாப்பிள்ளையா இருக்கட்டும்.”

கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்ததும் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. பிஷப் எழுதிப் போட்டார்.

வில்பிரட் ஐயா வந்துவிட்டார். அங்கே தங்கை வீட்டில் அவர் பட்ட பாட்டைப் பிறகு சொன்னார், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எழுந்துவிடுவாராம், பழைய பெயரில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால் கை கிருபைநல்லூர் என்றே எழுதுமாம், தங்கை பாவம், வீட்டுக்குள் செம்மணல் பறக்கிறது என்று ஓயாமல் பெருக்கிக்கொண்டே இருந்தாளாம். அவர் வந்து இறங்கியபோது எங்கள் முதல் தெருவில் அலை ஏறிக்கொண்டிருந்தது. தோணியிலிருந்து ஈர மணலில் கால் வைத்தார், ஊர் நின்றது. வீடு வீடாகக் குடத்துத் தண்ணீர் தளும்பாமல் நின்றது, தொட்டில்கள் நின்றன, எத்தனையோ நாளுக்குப் பிறகு சனங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் அப்படியே தூங்கியும் போனார்கள்.

நின்றதும் பாக்கியநாதனுக்குப் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. “நல்ல எடமாத்தான் நின்னிருக்கு. பக்கத்துல துறைமுகம், மீனு, காத்து. ஐயா பங்களாவுல சௌகரியமா இருக்கட்டும். இங்கனயே இருந்துருவோம்” என்றார். பலருக்கும் அது சரியாகப் பட்டது. சொர்ணபாய் பங்களா வாசலுக்குப் போனாள்.

“ஐயா, எம்புள்ளைய நீங்கதான் அடக்கம் பண்ணினிய. தபீத்தாள். ஞாபகம் இருக்கா?”

கிழவருடைய தமிழ் வேதப் புத்தகத் தமிழ். “அநேகம் பிள்ளைகளை நான் அடக்கம் செய்தேன், அம்மா. உன் பிள்ளையை எனக்கு நினைவில்லை.”

பொய் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அவ அங்கன ஒத்தையில கெடக்கா. ஊரு இங்கன நிக்கி. நீங்க எங்க போறியளோ அங்கதான் ஊரு வரும். அங்க போயி உக்காருங்க ஐயா. ஊரு வந்து சேர்ற வரைக்கும் உக்காருங்க. கெழவர இழுத்தடிக்கேன்னு எல்லாரும் ஏசுவாங்க, ஏசட்டும்.”

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். “வழியைக் காட்டு” என்றார்.

மாட்டு வண்டியில் அவரைக் கூட்டிப்போனாள். சொர்ணபாயின் பழைய ஓலைக் குடிசையில், மூன்று பிஷப்மார்களின் கல்லறைகளுக்கும் ஒரு சின்னச் சிலுவைக்கும் நடுவில், வில்பிரட் ஐயா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மறுநாள் மத்தியானம் ஊர் மேற்கே திரும்பியது. போனதைவிட வருவது வேகமாக இருந்தது, கட்டியவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று தெரிந்த நடை அது. பாக்கியநாதன் திட்டித் தீர்த்தார். மறுபடியும் குடம் தளும்பியது, மறுபடியும் சர்வேயரிடம் இன்னும் நிற்கவில்லை என்று சொல்லியனுப்பினோம், அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களே இந்தத் தரம் மோர் கொண்டுவந்தார்கள்.

சொர்ணபாய் ஊரிலிருந்து வண்டியில் தண்ணீரும் ஆப்பமும் கொண்டுபோனாள். அவர் ஆப்பத்தின் ஓரத்து முறுகலை முதலில் பிய்த்துத் தின்பார். அவளிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்பார். அவள் சொன்னாள், பல் விழுந்தது, கோழிக்குஞ்சைப் படுக்கைக்குள் ஒளித்துவைத்தது, ஒருநாள் கோயிலில் ஐயாவின் அங்கியைப் பிடித்து இழுத்தது. “அதற்கு நான் என்ன செய்தேன்?” என்று கேட்டார். “தொப்பியக் கழட்டுனிய” என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், அது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் வந்தது. ஓலை ஒழுகியது. அவருக்கு இருமல் கண்டது, பிறகு காய்ச்சல், அதே காய்ச்சல். பிஷப் அருள்மாணிக்கம் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார், ஊருக்குள் வந்து கட்டிலில் படுத்தால் பிழைப்பார் என்றார் டாக்டர். ஊருக்குள் வந்தால் ஊர் அங்கேயே நின்றுவிடும். ஊர் அப்போது பனைகளுக்கு அந்தப் பக்கம், கோபுரம் மட்டும் தெரிகிற தூரத்தில் இருந்தது.

அந்த இரவு சொர்ணபாய் தூங்கவில்லை. ஒரு பிள்ளையை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். காலையில் குடிசைக்குப் போய், “போதும் ஐயா. தூரம்னா தூரந்தான். நான் நடந்து வந்துக்கிடுதேன். வீட்டுக்கு வாங்க” என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

“நாற்காலியில் உட்கார்ந்த அன்று இந்த ஊருக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன், அம்மா” என்றார் அவர். “அது பிழையான வார்த்தை என்று அருள்மாணிக்கம் எனக்குச் சொன்னார். எந்த வார்த்தை சரி?”

“கட்டிக் காப்பேன்.”

“கட்டிக் காப்பேன்” என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். “எனக்கு இங்கே இருப்புக் கொள்கிறது. ஊர் வரட்டும்.”

ஊர் வந்தது. பனைகளைத் தாண்டி வந்தது, ஓடையைத் தாண்டி வந்தது, அந்த வாரம் எங்களில் ஒருவரும் மத்தியானத்தில் தூங்க முடியவில்லை, விழித்திருக்கும்போதே வந்தது, நாங்கள் வீட்டுச் சுவர்களைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று ஊரையே விரட்டினோம், பாக்கியநாதன்கூடத் தன் கடைச் சுவரில் கையை வைத்துத் தள்ளினார். சொர்ணபாயின் புழக்கடையிலிருந்து சிலுவை தெரிய ஆரம்பித்த மத்தியானத்தில், அவள் சுக்கு வெந்நீரோடு வண்டியில் ஏறப்போகும்போது, அவள் கையிலிருந்த செம்பில் தளும்பிக்கொண்டிருந்த நீர் அசையாமல் நின்றது. அவள் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தெருவில் ஒரு பெண் கிணற்றடியில் தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பினாள், உவர்ப்பு.

அவரை அந்த மூவருக்குப் பக்கத்தில் வைக்க இடம் பார்த்தார்கள், சொர்ணபாய் கேட்டுக்கொண்டதால் சின்னச் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிஷப் அருள்மாணிக்கம் அன்றைக்குத்தான் தேக்கு நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார், உட்கார்ந்து அழுதார். கிணறுகள் அதன்பிறகு முழுதாக இனிக்கவில்லை, காப்பிக்கு இன்னும் கருப்பட்டி கூடத்தான் போடுகிறோம். ஊர் முன்பு இருந்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது, சர்வேயர் வந்து அளந்து, சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்த அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் சொர்ணபாய் புழக்கடை வாசலுக்கு வந்தாள். முன்னைவிடக் கொஞ்சம் தூரம் அதிகம்தான், ஆனாலும் கூப்பிடு தூரம். குரல் போகுமோ போகாதோ என்ற பயத்தில் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாள், தெருவில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“தபீ.”

கல்லறைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து, இருமல் இல்லாத, நிதானமான குரலில், வேதப் புத்தகத் தமிழில் பதில் வந்தது.

“இங்கேதான் இருக்கிறோம், அம்மா.”

சொர்ணபாய் கதவைச் சாத்திவிட்டு, காலை வியாபாரத்துக்கு மாவு ஆட்ட உட்கார்ந்தாள், ஆட்டி முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.